காஸ்டிங்கில் போனதற்காகச் சட்டம் படிக்கப் போகலாமா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். திருப்பூரில் பி.காம் கடைசி வருடம் படிக்கிறீர்கள். சி.ஏ. படிப்பின் நடுக்கட்டத் தேர்வான இன்டரில் முதல் குரூப்பை முதல் தடவையிலேயே தாண்டிவிட்டீர்கள், அதில் சட்டத் தாளில் 74. இரண்டாவது குரூப் இரண்டு முறை போயிற்று, இரண்டு முறையும் காஸ்டிங் என்ற செலவுக் கணக்குத் தாள்தான் காலை வாரியது. சி.ஏ.வை விட்டுவிட்டு மூன்று வருட எல்.எல்.பி. சேர்ந்து கார்ப்பரேட் வழக்கறிஞர் ஆகலாமா என்று யோசிக்கிறீர்கள். அப்பாவும் அப்பாவின் ஆடிட்டரும் சி.ஏ.வை விடாதே என்கிறார்கள். கடைசியில் "எதில் சம்பளம் அதிகம், எதற்கு எதிர்காலம்" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் கேள்வி முழுவதையும் இரண்டு தடவை படித்ததில், சம்பளத்தை விட வேறொன்றுதான் உங்களை உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது. எனக்கு உண்மையிலேயே சட்டம்தான் பிடித்திருக்கிறதா, அல்லது காஸ்டிங்குக்குப் பயந்து ஓடுகிறேனா? இதற்குத்தான் பதில் வேண்டும், சம்பளக் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், எதை எவ்வளவு நம்புவது என்று நீங்கள் முடிவு செய்ய வசதியாக இருக்கும். நான் சி.ஏ. கோவையில் ஆர்ட்டிக்கிள்ஷிப், அதாவது ஒரு சி.ஏ.விடம் பயிற்சி, பிறகு ஐந்து வருடம் ஆடிட், அதற்கப்புறம் பதினான்கு வருடமாகச் சென்னையில் கம்பெனிகளை வாங்குவது, விற்பது, முதலீடு கொண்டுவருவது சம்பந்தமான வேலை. இந்தப் பதினான்கு வருடமும் மேசைக்கு எதிரிலோ பக்கத்து நாற்காலியிலோ கார்ப்பரேட் வழக்கறிஞர்கள் இல்லாத வாரம் குறைவு. ஆனால் ஒரு சட்ட நிறுவனத்துக்குள் ஜூனியராக இருந்து நான் பட்டதில்லை. அந்தப் பக்கத்தைப் பற்றி நான் சொல்வது பக்கத்து வீட்டுக்காரன் சொல்வது மாதிரி, நிறையப் பார்த்திருக்கிறேன், குடியிருந்ததில்லை.

முதலில் அந்த 74-ஐப் பற்றி. இன்டரில் சட்டத் தாளில் நல்ல மார்க் வாங்குவது என்பது கம்பெனிச் சட்டத்தின் பிரிவுகளை நினைவில் வைத்து, கொடுத்த சூழ்நிலைக்குப் பொருத்தி, தெளிவாக எழுதுவது. நல்ல திறமைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கார்ப்பரேட் வழக்கறிஞரின் தினசரி வேலையில் அது கால்வாசிகூட இல்லை. அதேபோல் காஸ்டிங்கில் போவதும் நீங்கள் கணக்குக்கு லாயக்கில்லை என்பதற்குச் சான்று அல்ல. அந்தத் தாள் பெரும்பாலும் வேகத்துக்கு வைக்கும் சோதனை, மூன்று மணி நேரத்தில் கை ஓட வேண்டும். நான் ஐந்து வருடம் ஆடிட் செய்தபோது பிராசஸ் காஸ்டிங் கணக்கை அந்த வேகத்தில் போட வேண்டிய நாள் ஒன்றுகூட வரவில்லை. அதனால் இரண்டு மார்க்குகளையும் ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு தொழிலிலும் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பாருங்கள்.

ஆர்ட்டிக்கிள்ஷிப் இரண்டாவது வருடம், மார்ச் 31, கோவைக்கு வெளியே ஒரு நூற்பாலையில் ஸ்டாக் எடுக்க என்னையும் இன்னொரு பையனையும் அனுப்பினார்கள். குடோனில் நூல் மூட்டைகள் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தன. வரிசையாக எண்ணி, லேபிளைப் பார்த்து, ஷீட்டில் எழுதிக்கொண்டே போனோம். மத்தியானம் எங்கள் பிரின்சிபல், அதாவது எங்களுக்குப் பயிற்சி தந்த சி.ஏ., வந்தார், ஷீட்டைப் பார்க்கவே இல்லை. "மேலே இருக்கிறதை எல்லாரும் எண்ணுவாங்க, அந்த மூணாவது அடுக்குல அடியில இருக்கிற மூட்டையை இறக்கச் சொல்லு" என்றார். இறக்கினோம். மூட்டையின் மேல் லேபிள் நாற்பதாம் நம்பர் நூல். உள்ளே கழிவுப் பஞ்சு. அந்தக் குடோனில் அன்று இரவு ஒன்பது மணி வரை இருந்தோம். பஞ்சுத் தூசு மூக்கெல்லாம் அடைத்திருந்தது, எனக்குப் பசியே தெரியவில்லை. அன்றைக்குத்தான் இந்த வேலை எனக்குப் பிடித்தது. கணக்காளர் கேட்கிற கேள்வி இதுதான்: என்ன நடந்தது, எவ்வளவு, அது உனக்கு எப்படித் தெரியும்? முடிந்துபோன ஒரு வருடத்தைத் திரும்பிப் பார்த்து, காகிதத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றுதானா என்று தட்டிப் பார்ப்பது.

வழக்கறிஞரின் கேள்வி வேறு. சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஒரு கம்பெனியை வாங்கும் பக்கம் இருந்தோம். பங்கு விற்பனை ஒப்பந்தத்தில், "கம்பெனி எல்லா வரிகளையும் கட்டிவிட்டது, பாக்கி ஏதும் இல்லை" என்று விற்பவர் உறுதி கொடுக்கும் வரி ஒன்று இருக்கும். அதன் தலையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டே வார்த்தை சேர்த்திருந்தார், "விற்பவருக்குத் தெரிந்தவரை" என்று. எங்கள் பக்கத்து வழக்கறிஞர் ஒரு சின்னப் பெண், நான்கைந்து வருட அனுபவம்தான் இருக்கும். மற்ற எல்லா உறுதிமொழிகளிலும் அந்த வார்த்தைகள் இருந்துவிட்டுப் போகட்டும், வரியில் மட்டும் இருக்கக் கூடாது, விற்பனைத் தேதிக்கு முந்தைய வரி எது வந்தாலும் விற்பவர் ஈடுகட்ட வேண்டும் என்று தனியாக ஒரு பத்தி வேண்டும் என்று ராத்திரி பன்னிரண்டரை வரை விடாமல் நின்றார். எனக்கே உள்ளுக்குள் எரிச்சல், இதற்காகவா இவ்வளவு நேரம் என்று. இரண்டு வருடம் கழித்து ஜி.எஸ்.டி.யிலிருந்து நோட்டீஸ் வந்தது, விற்பனைக்கு முந்தைய காலத்து உள்ளீட்டு வரி வரவைப் (வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதைப்) பற்றி. எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று நாங்கள் நான்கு நாளில் கணக்குப் போட்டுவிட்டோம். யார் கட்டுவது என்பதை அந்தப் பெண் இரண்டு வருடம் முன்பே முடிவு செய்து வைத்திருந்தார். இன்னும் நடக்காத ஒன்றை நினைத்துப் பார்த்து, அது நடந்தால் யார் தலையில் விழும் என்பதை இன்றைக்கே வார்த்தையில் கட்டிவைப்பது, கார்ப்பரேட் சட்டம் பெரும்பாலும் அதுதான். கறுப்புக் கோட்டும் வாதமும் அதில் குறைவு. பெரும்பாலான நாள் எண்பது பக்க ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பு எதை மாற்றியிருக்கிறது என்று வரி வரியாகத் தேடுவது, டேட்டா ரூமில், அதாவது விற்பவர் திறந்து காட்டும் ஆவணத் தொகுப்பில், கிடக்கும் நானூறு கோப்புகளைப் படித்து எங்கே சிக்கல் என்று எழுதுவது.

இந்த இரண்டு காட்சிகளில் எதைப் படிக்கும்போது "நான் அங்கே இருந்திருக்கலாமே" என்று தோன்றியது? அந்த உணர்வு மார்க்கை விட நம்பகமான சான்று. எனக்கு வார்த்தைச் சண்டையில் மூன்றாவது மணி நேரத்தில் கண் சொக்கிவிடும், அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் சுறுசுறுப்பு வரும். குடோனில் அவரை நிறுத்தியிருந்தால் ஒரு மணி நேரத்தில் வெறுத்துப் போயிருப்பார்.

இப்போது பாதைகள். இதில் பல விஷயம் உறுதியாகச் சொல்லக்கூடியது. சி.ஏ.வில் 2023-ல் வந்த புதிய திட்டப்படி இன்டரின் இரண்டு குரூப்பையும் முடித்தால்தான் ஆர்ட்டிக்கிள்ஷிப் தொடங்க முடியும், அதன் காலம் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. உங்களுக்கு முதல் குரூப் கையில் இருந்தும் ஒரு அடி நகர முடியாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான், அந்த எரிச்சல் புரிகிறது. ஆனால் அதே மாற்றத்தில் ஒரு நல்லதும் இருக்கிறது. இன்டர் தேர்வு இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது. எங்கள் காலத்தில் ஒரு அட்டெம்ப்ட் போனால் ஆறு மாதம் போச்சு, உங்களுக்கு நான்கு மாதம். கடைசித் தேர்வான பைனல் கடினம், அதை மறைக்க மாட்டேன். 2023-லிருந்து 2025 வரை வந்த பைனல் முடிவுகளில், இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர் தேறிய அட்டெம்ப்ட்கூட இல்லை. 2023 நவம்பரில் பத்தில் ஒருவர்கூட இல்லை.

சட்டத்தில் இது தலைகீழ். எல்.எல்.பி.யில் சேர்ந்தவர்கள் ஒழுங்காகப் படித்தால் முடித்துவிடுகிறார்கள். பிறகு மாநில பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. அந்தத் தேர்வில் குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம். பதிவுக் கட்டணமும் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, சி.ஏ.வில் உள்ளே போகும் வாசல் அகலம், வெளியே வரும் கதவு குறுகல். சட்டத்தில் படித்து முடிப்பதில் பெரிய சிரமம் இல்லை, அதற்கப்புறம் நல்ல கார்ப்பரேட் வேலைக்குள் நுழையும் கதவுதான் குறுகல். இந்த ஒன்றை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெரிய பங்குப் பரிவர்த்தனைகளைச் செய்யும் சட்ட நிறுவனங்களின் மையம் மும்பை, டெல்லி, பெங்களூரு. அவர்கள் ஆள் எடுப்பது பெரும்பாலும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களிலிருந்து, அதாவது பிளஸ் டூ முடித்து கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐந்து வருடம் படித்து, வருடா வருடம் விடுமுறையில் அந்த நிறுவனங்களிலேயே இன்டர்ன்ஷிப் செய்த பிள்ளைகள். நீங்கள் பட்டப்படிப்பு முடிக்கப் போகிறீர்கள், அந்தப் பேருந்து போய்விட்டது. மூன்று வருடப் படிப்பில் நல்ல பெயர் உள்ள இடங்கள் இருக்கின்றன. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி 2022-லிருந்து மூன்று வருட எல்.எல்.பி. நடத்துகிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. டெல்லி பல்கலைக்கழகத்துச் சட்டப் புலம், மும்பை அரசு சட்டக் கல்லூரி இவையும் உண்டு. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்று வருடப் படிப்புக்கு டிகிரி மார்க்கை வைத்துச் சேர்க்கிறார்கள், கட்டணம் மிகக் குறைவு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் பலவற்றில் வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும், அதோடு ஒப்பிடவே முடியாது. நம் ஊர் கல்லூரியில் படித்து மும்பை நிறுவனத்தில் சேர்ந்தவர்கள் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், எனக்கே இருவரைத் தெரியும். இருவருமே முதலில் சென்னையில் ஒரு சீனியரிடம் கம்பெனி வழக்குகளில் உழைத்து, நாலைந்து வருடம் கழித்துத் தாவியவர்கள். ஆக, "எல்.எல்.பி. முடித்தால் கார்ப்பரேட் வழக்கறிஞர்" என்ற நேர்கோடு உங்கள் இடத்திலிருந்து இல்லை. சுற்றுவழி இருக்கிறது, நீளமானது.

சீனியரிடம் ஜூனியராக இருக்கும் வருடங்களில் வருமானம் எப்படி என்று கேட்பீர்கள். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எனக்குத் தெரிந்த அலுவலகங்களில் சிலர் கொடுக்கிறார்கள், சிலர் இன்னும் கொடுப்பதில்லை. ஆர்ட்டிக்கிள்ஷிப் ஸ்டைபண்டும் அப்படி ஒன்றும் வாழவைக்காது, சின்ன அலுவலகங்களில் சில ஆயிரம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சி.ஏ. முடித்த அன்றைக்கே நாற்பது வயது வரை தாங்கும் ஒரு தரைத்தளம் கிடைத்துவிடுகிறது, எந்த ஊரிலும் வேலை உண்டு, திருப்பூரில் கண்டிப்பாக உண்டு. சட்டத்தில் உச்சி மிக உயரம், தரை மிகத் தாழ்வு. மேலே இருப்பவர் சம்பாதிப்பதைப் பார்த்து இரண்டையும் ஒப்பிடாதீர்கள். நடுவில் இருப்பவர் முப்பது வயதில் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள், அதில் சி.ஏ. முந்தி நிற்கிறது. இது நான் பார்த்ததை வைத்துச் சொல்லும் கணிப்பு, புள்ளிவிவரம் அல்ல.

சி.ஏ.வுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. கம்பெனிக்கு ஆடிட்டர் சி.ஏ.வாகத்தான் இருக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டமே சொல்கிறது, அதனால் நமக்கு என்றைக்கும் வேலை உண்டு என்று உங்கள் அப்பாவின் ஆடிட்டர் சொல்லியிருப்பார். பாதி உண்மை. வரித் தணிக்கை கட்டாயமாகும் விற்றுமுதல் வரம்பு ஒரு கோடியாக இருந்தது, ரொக்கப் பரிவர்த்தனை ஐந்து சதவீதத்துக்குள் இருக்கும் வியாபாரங்களுக்கு 2020-ல் ஐந்து கோடியாகவும் 2021-ல் பத்து கோடியாகவும் உயர்த்தினார்கள். ஜி.எஸ்.டி. வருடாந்திரக் கணக்கு ஒப்பீட்டுப் படிவத்துக்கு சி.ஏ. சான்று வேண்டும் என்ற விதியும் 2021-ல் போய்விட்டது, வியாபாரியே கையெழுத்துப் போட்டால் போதும். சின்ன ஊர்களில் என் நண்பர்கள் பலருக்கு அந்த ஒரே வருடத்தில் கிளையண்ட் பட்டியல் சுருங்கியது. கையெழுத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் திணறினார்கள், ஆலோசனை சொல்லப் பழகியவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் பொறுப்பும் உண்டு. 2009-ல் வெடித்த சத்யம் கம்பெனியின் கணக்கு மோசடியில், கணக்கை எழுதியவர்களோடு அதற்குக் கையெழுத்துப் போட்ட ஆடிட்டர்களும் 2015-ல் தண்டனை பெற்றார்கள்.

எந்திரங்கள் இரண்டையும் தின்றுவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நடந்து முடிந்ததை மட்டும் சொல்கிறேன். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் 2023 ஆகஸ்டிலிருந்து கட்டாயம். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார் என்ற தடம் 2023 ஏப்ரலிலிருந்து இருந்தே ஆக வேண்டும். நான் ஆர்ட்டிக்கிளாக இருந்தபோது ஆறு மாதம் பச்சை மையில் டிக் அடித்த வவுச்சிங், அதாவது பதிவை ரசீதோடு ஒப்பிடும் வேலையில் பெரும்பகுதி இன்று தேவையே இல்லை. அந்தப் பக்கம் ஒப்பந்தத்தின் முதல் வரைவையும் டேட்டா ரூம் சுருக்கத்தையும் மென்பொருள் எழுதித் தருகிறது. இரண்டு தொழிலிலும் அடிமட்ட வேலை கரைகிறது. பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்பவரை நம்பாதீர்கள். மூட்டையை இறக்கச் சொல்லும் சந்தேகமும், அந்த இரண்டு வார்த்தைகளுக்காகப் பன்னிரண்டரை வரை நிற்கும் பிடிவாதமும் யாருக்கு இருக்கிறதோ அவருக்கு வேலை இருக்கும் என்பது என் நம்பிக்கை.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாதா என்றால், பட்டங்கள் இரண்டும் வைத்துக்கொள்ளலாம், தொழில் ஒன்றுதான். வழக்கறிஞராகப் பதிவு செய்து தொழில் நடத்தினால் இன்னொரு தொழிலை முழுநேரமாக வைத்துக்கொள்ள பார் கவுன்சில் விதிகள் விடாது. ஒரு கம்பெனியில் முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்துவிட்டால் வழக்கறிஞராகத் தொழில் செய்யவும் முடியாது. ஆனால் இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடங்கள் நிறைய. வெளிநாட்டு முதலீட்டாளர் நம் ஊர் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் பங்கு வாங்கினால், ஒப்பந்தம் வழக்கறிஞருடையது, பங்கின் விலைக்கு மதிப்பீட்டுச் சான்று சி.ஏ. அல்லது மெர்ச்சண்ட் பேங்கருடையது, பங்கு ஒதுக்கிய முப்பது நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குப் படிவம் போக வேண்டும். ஒருவர் தாமதித்தாலும் எல்லாரும் மாட்டுவார்கள். கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் மட்டுமல்ல, சி.ஏ.வும், கம்பெனியின் சட்டக் கடமைகளைக் கவனிக்கும் கம்பெனி செகரட்டரியும்கூட ஆஜராகலாம். சென்னை பெஞ்சில் சி.ஏ.க்கள் எழுந்து நின்று பேசுவதை நானே பார்த்திருக்கிறேன். வருமான வரித் தீர்ப்பாயத்திலும் அப்படித்தான். உயர் நீதிமன்றத்துக்குப் போனால்தான் வழக்கறிஞர் வேண்டும். 2016-ல் வந்த திவால் சட்டத்தின் கீழ் நொடித்துப்போன கம்பெனியை எடுத்து நடத்தும் பொறுப்புக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறார்கள், பத்து வருட அனுபவமும் ஒரு தேர்வும் வேண்டும். இன்னொன்று, உங்களுக்குப் பிடித்தது கம்பெனிச் சட்டம்தான் என்றால் கம்பெனி செகரட்டரி படிப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பத்து கோடியோ அதற்கு மேலோ செலுத்தப்பட்ட மூலதனம் உள்ள பிரைவேட் கம்பெனிகூட முழுநேர செகரட்டரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று ஆச்சரியமாக இருந்தது.

வீட்டில் "பொம்பளப் பிள்ளைக்குக் கோர்ட்டு எதுக்கு, ஆடிட் ஆபீஸ்னா பாதுகாப்பு" என்கிறார்கள் என்று நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். கார்ப்பரேட் வழக்கறிஞர்களில் பலர் வருடத்தில் ஒரு நாள்கூடக் கோர்ட்டுக்குப் போவதில்லை. ஆடிட்டுக்காக நான் போன குடோன்களும் ராத்திரி பஸ் பயணங்களும் உங்கள் வீட்டார் நினைக்கிற பாதுகாப்பான வேலை அல்ல. நாட்டின் முதல் பெண் கணக்காளரான ஆர். சிவபோகம் நம் சென்னைக்காரர், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போய்வந்தவர், 1933-ல் தேறினார். பெண்களுக்கு ஏற்றது, ஏற்காதது என்ற பேச்சு அப்போதே முடிந்திருக்க வேண்டும்.

சரி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன். இரண்டாவது குரூப்பை இன்னும் ஒரு முறை, அடுத்து வரும் அட்டெம்ப்ட்டில், காஸ்டிங்குக்கு மட்டும் தினமும் இரண்டு மணி நேரம் கடிகாரம் வைத்துக் கணக்குப் போட்டு எழுதுவேன். காரணம் எளிது. ஒரு தாளில் தோற்றுக்கொண்டிருக்கும்போது எடுக்கும் முடிவில் எவ்வளவு ஆசை, எவ்வளவு பயம் என்று யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. தேறிய பிறகும் சட்டமே வேண்டும் என்று தோன்றினால் அது ஆசைதான், தாராளமாகப் போங்கள். இன்னொரு காரணமும் உண்டு. சி.ஏ. முடித்துவிட்டு முப்பது வயதில் எல்.எல்.பி. சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும், வரி வழக்குகளில் அவர்களுக்கு நல்ல மதிப்பு. தபால் வழியில் படித்த எல்.எல்.பி.யை பார் கவுன்சில் ஏற்பதில்லை, வகுப்புக்குப் போயே ஆக வேண்டும், அதனால் சிரமப்பட்டார்கள், ஆனால் முடித்தார்கள். எல்.எல்.பி. முடித்து முப்பதில் சி.ஏ. தொடங்கியவர் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. அந்த வயதில் ஸ்டைபண்டில் ஆர்ட்டிக்கிளாக உட்காருவது யாருக்கும் முடிகிற காரியம் இல்லை.

ஆனால் ஒரு விதிவிலக்கு. அந்த 74 வாங்கிய தாளுக்குப் படிக்கும்போது பாடத்துக்கு வெளியேயும் தேடித் தேடிப் படித்தீர்களா, ஒரு தீர்ப்பை முழுதாகப் படித்து "இந்த வாக்கியத்தை வேறு மாதிரி எழுதியிருந்தால் வழக்கே வந்திருக்காதே" என்று யோசித்தீர்களா? அப்படியானால் நான் மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு பெங்களூரு நுழைவுத் தேர்வுக்கு இப்போதே தயாராகுங்கள், அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அப்படிப்பட்டவரை சி.ஏ.வில் கட்டிவைப்பது பாவம்.

எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்றால் இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை செய்யுங்கள், காசு செலவில்லை. திருப்பூரிலேயே பங்குச் சந்தையில் இருக்கும் பின்னலாடைக் கம்பெனி ஒன்றின் ஆண்டறிக்கையை இறக்கிக்கொண்டு, ஆடிட்டர் அறிக்கை, அதன் இணைப்பு, கணக்குக் குறிப்புகள் மூன்றையும் ஒரு மூச்சில் படியுங்கள். அப்பாவின் தொழில் என்பதால் எந்த எண் இடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தளத்திலிருந்து, பங்குதாரர் ஒப்பந்தத் தகராறு பற்றிய தீர்ப்பு ஒன்றை எடுத்து அதையும் முழுதாகப் படியுங்கள். எதைப் படிக்கும்போது போனை எடுத்தீர்கள், எதைப் படிக்கும்போது பென்சிலை எடுத்தீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.